பெரியாருக்குப் போகாத பஸ்

மதுரையின் டவுன் பஸ் வழித்தடங்களை வீட்டுக் கணினியில் கலைத்துப் போட்டு மறுபடி அடுக்கிப் பார்த்திருக்கிறேன். யாரும் கேட்டுச் செய்ததில்லை. நான் போக்குவரத்துப் பொறியியல் படித்தவனும் இல்லை. தரவுகளோடு மல்லுக்கட்டும் வேலை, பஸ்ஸில் போகும் பழக்கம், இரண்டும் சேர்ந்ததால் வந்த வினை. இதே கிறுக்குப் பிடித்த வேறு ஊர்க்காரர்கள் இருப்பார்கள். அவர்களுக்காக என்ன செய்தேன், எது பலித்தது, கணக்கு எங்கே எதிர்பாராத பக்கம் இழுத்தது என்று எழுதிவைக்கிறேன்.

என்னை இதில் இறக்கிவிட்ட கேள்வி சின்னது. முனிச்சாலையில் இருப்பவருக்கு அண்ணா நகர் என்பது வைகையின் எதிர்க்கரை. நடுவில் குருவிக்காரன் சாலைப் பாலம் இருக்கிறது. ஆனால் டவுன் பஸ்ஸை நம்பிப் போகிறவர் பெரும்பாலும் மேற்கே பெரியார் பஸ் நிலையத்துக்குப் போகிறார். அங்கே மாறி ஏறுகிறார். சிம்மக்கல், ஆல்பர்ட் விக்டர் பாலம், கோரிப்பாளையம் என்று ஊரைச் சுற்றிவிட்டு, புறப்பட்ட இடத்துக்கு நேர் எதிரே போய் இறங்குகிறார். வில்லாபுரத்துக்காரர் கே.கே. நகருக்குப் போவதும், காளவாசல்காரர் கே.புதூருக்குப் போவதும் ஏறக்குறைய இதே கதைதான். பெரியார் நிலையத்தைத் தொடாத பஸ் சிலவற்றை ஓடவிட்டால் என்ன ஆகும்? அதற்குப் புதிதாக எத்தனை பஸ் வேண்டும்? யாருக்கு லாபம், யாருக்கு நஷ்டம்?

சுவிட்சர்லாந்தில் ஓர் ஒத்திகை

எடுத்த எடுப்பில் மதுரையில் கைவைக்கவில்லை. எழுதிய நிரல் சரியாகக் கணக்குப் போடுகிறதா என்று தெரியாமல் ஊர் வரைபடத்தில் இறங்கினால், கிடைக்கும் விடை உண்மையிலேயே நல்லதா, நிரல் நம்மை ஏய்க்கிறதா என்று கண்டுபிடிக்க வழியே இருக்காது. அதற்கென்று இந்தத் துறையில் ஒரு பழைய மாதிரிக் கணக்கு இருக்கிறது. 1979இல் கிறிஸ்டோஃப் மாண்டல் என்பவர் எடுத்தாண்ட சுவிஸ் சாலை வலை அது. 15 நிறுத்தங்கள், அவற்றை இணைக்கும் 21 சாலைத் துண்டுகள், ஒவ்வொரு துண்டையும் கடக்க எத்தனை நிமிடம் என்ற எண், எந்த நிறுத்தத்திலிருந்து எதற்கு எத்தனை பேர் போகிறார்கள் என்ற அட்டவணை. மொத்தம் 15,570 பயணங்கள். ஒரு பக்கத்தில் அடங்கிவிடும். நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக, இந்தத் துறையில் புது முறை ஒன்றைச் சொல்ல வருகிறவர்கள் முதலில் இந்தக் கல்லில்தான் உரசிப் பார்க்கிறார்கள்.

மாண்டல் தந்த நான்கு வழித்தடங்களை என் நிரலுக்குக் கொடுத்தேன். ஒருமுறை மாறி ஏறினால் 5 நிமிடம் அபராதம் என்பது இந்தக் கணக்கில் உள்ள வழக்கம். அப்படிப் பார்த்தால் 69.94 சதவீதம் பேர் மாறாமலே போய்ச் சேர வேண்டும், சராசரிப் பயண நேரம் 12.90 நிமிடம் வர வேண்டும். நிரல் அதையே சொன்ன பிறகுதான் அடுத்த படி என்று வைத்துக்கொண்டேன். இங்கே யோசிக்க வேண்டியது ஒரே இடம்தான். ஒருவருக்கு நேர் பஸ்ஸும் இருக்கிறது, மாறிப் போனால் சீக்கிரமாகவும் போகலாம் என்றால் அவர் எதில் ஏறுவார்? பயண நேரத்தோடு அபராதத்தையும் கூட்டி, எது குறைவோ அதில் ஏறுவார் என்று எழுதினால் எண்கள் ஒத்துப்போகும்.

அதன்பின் வழித்தடங்களை நிரலே தேடட்டும் என்று விட்டேன். அதிகம் பேர் போய்வரும் இரண்டு இடங்களுக்கு நடுவே மிகக் குறைந்த நேரத்தில் போகும் வழியை முதல் வழித்தடமாக எடுத்துக்கொள்ளும். பிறகு நுனியில் ஒரு நிறுத்தம் சேர்க்கும், ஒன்றை வெட்டும், இரண்டு வழித்தடங்கள் சந்திக்கும் இடத்தில் வால்களை மாற்றி ஒட்டும். பலன் கூடினால் வைத்துக்கொள்ளும், இல்லையென்றால் பழையபடி விட்டுவிடும். பைத்தானில் எழுதிய எளிய நிரல்தான். இதே நான்கு வழித்தடங்களைக் கொண்டு மாறாமல் போகிறவர்களின் பங்கை 90 சதவீதத்துக்கு மேல் ஏற்றிய ஆராய்ச்சியாளர்கள் இருக்கிறார்கள். என் நிரல் அவர்களுக்குக் கிட்டத்தில் போய் நின்றது. எனக்கு அது போதும்.

ஒத்திகையில் ஒன்று தெரிந்தது. கடிவாளம் போடாவிட்டால் நிரல் பஸ்ஸை ஊர் முழுக்கச் சுற்றவிடும். மாறுவதற்கு அபராதம் உண்டு, வளைந்து போவதற்குப் பெரிய தண்டனை இல்லை என்றால், எல்லா நிறுத்தத்தையும் தொட்டுப் போகும் நீண்ட வழித்தடம் அதன் கண்ணுக்கு அழகாகத் தெரிகிறது. அதனால்தான் மாண்டல் கணக்கில் ஒரு வழித்தடத்துக்கு 8 நிறுத்தம் என்று வரம்பு கட்டுகிறார்கள். நம் ஊர்களில் "அப்படியே உள்ளே ஒரு சுற்றுப் போய் வரட்டும்" என்று காலனிதோறும் மனுக் கொடுத்து நீட்டிய வழித்தடங்களும் இதே நோயில் பிறந்தவைதான். அங்கே வரம்பு கட்டத்தான் ஆளில்லை.

ஊரைக் கணினிக்குள் ஏற்றியது

சாலைகளை, யாரும் திருத்தக்கூடிய இலவச இணைய வரைபடமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பிலிருந்து இறக்கிக்கொண்டேன். மதுரைக்குச் சாலைகள் நன்றாகவே வரையப்பட்டிருக்கின்றன, நிறுத்தங்கள்தான் ஓட்டையும் உடைசலுமாக இருக்கின்றன. ஒரே நிறுத்தம் இரண்டு பெயரில் இருக்கும், சில இடங்களில் நிழற்குடை இருந்தும் வரைபடத்தில் இருக்காது, நிழற்குடை இருக்கும் இடத்தில் பஸ் நிற்காது. இவற்றைச் சரிபார்க்கப் பஸ்ஸில் போய்வருவதைத் தவிர வேறு வழி இல்லை. ஜன்னலோரம் உட்கார்ந்து கைபேசியில் இருப்பிடத்தைப் பதிவு செய்துகொண்டே போனால் இரண்டு வேலை ஒன்றாக முடியும். நிறுத்தம் எங்கே என்பதும் தெரியும், எந்தத் துண்டைக் கடக்க எவ்வளவு நேரம் ஆகிறது என்பதும் தெரியும். வரைபடம் தரும் வேக வரம்பை வைத்துக் கணக்குப் போட்டால் கீழமாசி வீதியில் பஸ் பறக்கும். அதை நம்பக் கூடாது.

நிறுத்தங்களை ஒன்று சேர்க்கும்போது கவனமாக இருக்க வேண்டியிருந்தது. கோரிப்பாளையம் என்று வரைபடத்தில் ஒரு புள்ளி வைத்துவிடலாம். நிரலுக்கு அது ஒரே இடம், அங்கே இறங்கி அங்கேயே ஏறிவிடலாம். தரையில் அப்படி இல்லை. மாட்டுத்தாவணிப் பக்கமிருந்து வருகிறவர் இறங்கும் இடம் ஒன்று, செல்லூர்ப் பக்கம் போகிறவர் ஏறும் இடம் வேறு, தல்லாகுளம் போகிறவருக்கு இன்னொன்று. நடுவில் தேவர் சிலைச் சந்திப்பு. நான் அளந்த காலத்தில் மேம்பால வேலைக்காகத் தகரத் தடுப்பு அடைத்திருந்தார்கள். அரசு ராஜாஜி மருத்துவமனைக்கு வந்த ஒரு பாட்டி, ஒரு கையில் எக்ஸ்ரே உறை, மறு கையில் பேரன் என்று அந்தத் தடுப்போரம் வழி கேட்டு நின்றதைப் பார்த்த பிறகு, "மாறி ஏற 5 நிமிடம்" என்ற சுவிஸ் எண்ணை இங்கே அப்படியே வைக்க மனம் வரவில்லை. சந்திப்பு ஒவ்வொன்றையும் தனித்தனி நிறுத்தங்களாக உடைத்து, நடுவில் நடைபாதைத் துண்டுகளைப் போட்டு, அவற்றுக்கு நடந்து பார்த்த நேரத்தையே கொடுத்தேன். இந்த ஒரு மாற்றத்தால் நிரல் கோரிப்பாளையத்தை மாறும் இடமாகத் தேர்ந்தெடுப்பது சட்டென்று குறைந்துவிட்டது. அதற்குப் பதிலாக அண்ணா பஸ் நிலையத்தைப் பிடித்துக்கொண்டது. அங்கே பஸ்கள் ஒரே வளாகத்துக்குள் நிற்கின்றன, சாலையைக் கடக்க வேண்டியதில்லை.

யார் எங்கே போகிறார்கள் என்பதுதான் கடினமான பகுதி. டிக்கெட் இயந்திரங்களில் அந்த விவரம் இருக்கிறது. 2021 மே முதல் சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்றாலும் அவர்களுக்கும் பயணச்சீட்டு கொடுக்கிறார்கள், ஆக அவர்கள் எண்ணிக்கையும் அதில் ஏறுகிறது. ஆனால் அது அரசுப் போக்குவரத்துக் கழகத்தின் கையில் இருக்கிறது, என் கையில் இல்லை. நான் 2011 மக்கள்தொகைக் கணக்கை வார்டுவாரியாக எடுத்தேன். அப்போதிருந்த மாநகராட்சி எல்லைக்குள் 10 லட்சத்துக்குச் சற்று மேல். ஆட்களை இழுக்கும் இடங்களைத் தனியே பட்டியலிட்டேன்: மருத்துவமனை, கல்லூரிகள், மாசி வீதிகளின் கடைகள், மாட்டுத்தாவணி, ஆரப்பாளையம் பஸ் நிலையங்கள், மேலூர் சாலையில் உயர் நீதிமன்றக் கிளை, 2023 ஜூலையில் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகம். தொலைவு கூடக் கூடப் போகிறவர் குறைவார்கள், ஆள் கூடக் கூடப் போகிறவர் கூடுவார்கள் என்ற பழைய ஈர்ப்பு விதியை வைத்து ஓர் அட்டவணை உருவாக்கினேன். பஸ்ஸில் கூட்டத்தை நான்கு தரமாகக் குறித்துக்கொண்டு (இருக்கை காலி, இருக்கை நிறைந்தது, நிற்கிறார்கள், படிக்கட்டில் தொங்குகிறார்கள்) அதோடு ஒப்பிட்டுச் சரிசெய்தேன்.

இப்படிக் கட்டிய அட்டவணையை யாரும் முழுக்க நம்பக் கூடாது. ஆகவே ஒரே அட்டவணைக்கு வடிவமைக்காமல், சில பகுதிகளின் பயணங்களை இரட்டிப்பாக்கியும் பாதியாக்கியும் பல அட்டவணைகளுக்கு நிரலை ஓட்டினேன். எந்த அட்டவணை கொடுத்தாலும் திரும்பத் திரும்ப வந்து நிற்கும் வழித்தடங்களை மட்டும் வைத்துக்கொண்டேன். துல்லியமான தரவு இல்லாதவர்களுக்கு இதைத்தான் பரிந்துரைப்பேன். எண் பொய்யாக இருக்கலாம், ஆனால் எல்லாப் பொய்யிலும் ஒரே விடை வந்தால் அதைப் பொருட்படுத்த வேண்டும்.

திரும்பும் இடத்தில் இருக்கிறது பஸ்

வரைபடத்தில் கோடு போடுவது ஒரு மாலை நேர வேலை. அந்தக் கோட்டில் எத்தனை பஸ் ஓடும் என்று கேட்டவுடன் கோடுகளை விட்டு நிமிடங்களுக்கு வந்தாக வேண்டும்.

ஒரு வழித்தடம் ஒரு பக்கம் போக 45 நிமிடம், முனையில் 5 நிமிடம் ஓய்வு என்று வைத்துக்கொள்வோம். போய்வந்து மறுபடி புறப்பட 100 நிமிடம். 10 நிமிடத்துக்கு ஒரு பஸ் வேண்டும் என்றால் 10 பஸ், 20 நிமிடத்துக்கு ஒன்று என்றால் 5 பஸ். இதில் ஒவ்வொரு பக்கத்திலும் 5 நிமிடம் மிச்சப்படுத்த முடிந்தால் சுற்று 90 நிமிடமாகிவிடும், அதே 10 நிமிட இடைவெளிக்கு 9 பஸ் போதும். ஒரு பஸ் மிச்சம். இப்படிப் பத்து வழித்தடங்களில் நடந்தால் பத்துப் பஸ் கையில் நிற்கும். புதிதாக ஒரு வழித்தடத்தையே 10 நிமிடத்துக்கு ஒன்றாக நடத்தலாம். பட்ஜெட்டில் ஒரு ரூபாய் கேட்காமல் பஸ் வாங்குகிற வழி இது.

மதுரையில் அந்த 5 நிமிடம் எங்கே கிடக்கிறது என்று என் பதிவுகளில் தேடினேன். வைகைப் பாலத்தில் என்றுதான் நினைத்திருந்தேன். பாலம் மோசம்தான், ஆனால் அதைவிடச் சீராக, காலை மாலை என்று பாராமல் நேரம் போன இடம் பெரியார் நிலையத்துக்குள் நுழைந்து வெளியேறும் வளைவு. மேலவெளி வீதியில் வரிசை, உள்ளே திரும்ப ஒரு காத்திருப்பு, நடைமேடையில் முன்னே நிற்கும் பஸ் நகர ஒரு காத்திருப்பு, மறுபடி வெளியே வந்து சாலையில் கலக்க இன்னொன்று. அங்கேயே பயணத்தை முடிக்கிற பஸ்ஸுக்கு இது தவிர்க்க முடியாதது. தெற்கிலிருந்து வடக்கே ஊடுருவிப் போகிற பஸ்ஸும் ஏன் உள்ளே போய்வர வேண்டும்? சாலையோரத்திலேயே நல்ல நிறுத்தம் ஒன்று வைத்து ஆட்களை இறக்கி ஏற்றிக்கொண்டு போகலாம். 2021 டிசம்பரில் புது நிலையம் திறப்பதற்கு முன், கட்டட வேலை நடந்த காலத்தில், பஸ்கள் சுற்றுவட்டாரத்தில் பிரித்து நிறுத்தப்பட்டிருந்தன. எல்லாரும் திட்டினார்கள், நானும் திட்டினேன். ஆனாலும் எல்லாப் பஸ்ஸும் ஒரே முற்றத்தில் கூடாமலும் ஊர் நடக்கும் என்பதற்கு அந்தக் காலமே சாட்சி.

வெளி வீதிகளைப் பற்றி ஓர் இடைச்செருகல். இவை கோட்டைச் சுவர் இருந்த தடம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் முன்பாதியில் கலெக்டர் பிளாக்பர்ன் காலத்தில் சுவரை இடித்து அகழியைத் தூர்த்த பிறகு கிடைத்த வீதிகள். கோயிலைச் சுற்றிச் சித்திரை, ஆவணி மூலம், மாசி என்று ஒன்றுக்குள் ஒன்றாக இருக்கும் சதுரங்களில் டவுன் பஸ்ஸுக்குத் தோதான அகலம் வெளி வீதிகளுக்குத்தான் இருக்கிறது. அதனால் எனக்கும் ஆரம்பத்தில் ஓர் ஆசை இருந்தது: நான்கு வெளி வீதிகளையும் சுற்றிவரும் வட்டப் பஸ் ஒன்று. நிரலும் அதை விரும்பியது. ஆனால் வட்டத்துக்கு முனை கிடையாது. முனை இல்லையென்றால் தாமதத்தைக் கழிக்க இடம் இல்லை. ஒரு சுற்றில் 4 நிமிடம் பிந்தினால் அடுத்த சுற்றும் பிந்தியே தொடங்கும், பின்னால் வரும் பஸ் வந்து ஒட்டிக்கொள்ளும். இப்படி இரண்டிரண்டாக ஓடும் பஸ்களால் என்ன நஷ்டம் என்பதற்கும் கணக்கு உண்டு. 10 நிமிடத்துக்கு ஒன்று சீராக வந்தால் சராசரிக் காத்திருப்பு 5 நிமிடம். அதே பஸ்கள் 20 நிமிடத்துக்கு ஒருமுறை ஜோடியாக வந்தால் 10 நிமிடம். எண்ணிக்கையில் ஒரு பஸ்ஸும் குறையவில்லை, காத்திருப்பு மட்டும் இரண்டு மடங்கு. வட்டத்தைக் கைவிட்டேன்.

மாறி ஏறுவதன் விலை

பார்சிலோனாவில் 2012 அக்டோபரில் தொடங்கி 2018 நவம்பரில் முடித்த பஸ் வலையைப் பலரும் எடுத்துக்காட்டுவார்கள். கடலிலிருந்து மலைக்கு 17 தடங்கள், கடற்கரைக்கு இணையாக 8, மூலைவிட்டமாக 3, மொத்தம் 28. எங்கிருந்து எங்கே போக வேண்டுமானாலும் ஒருமுறை மாறினால் போதும் என்பதுதான் அதன் உயிர்நாடி. அந்த ஊரில் சதுரம் சதுரமாகத் தெருக்கள் இருப்பது ஒரு வசதி. அதைவிடப் பெரிய வசதி, ஒரே டிக்கெட்டில் 75 நிமிடத்துக்குள் மாறி ஏறிக்கொள்ளலாம்.

நமக்கு அது இல்லை. பஸ் மாறினால் இன்னொரு டிக்கெட். ஒரே பஸ்ஸில் தூரமாகப் போவதைவிட இரண்டு பஸ்ஸில் குட்டிக் குட்டியாகப் போவது செலவு, ஏனென்றால் ஒவ்வொரு முறையும் குறைந்தபட்சக் கட்டணத்திலிருந்து தொடங்க வேண்டும். ஆனால் இதுவும் எல்லாருக்கும் இல்லை. பெண்களுக்குக் கட்டணம் இல்லை. மாணவர்களிடம் இலவசப் பாஸ், அலுவலகம் போகிற சிலரிடம் மாதப் பாஸ். இவர்களுக்கு மாறி ஏறுவதில் போவது நேரம் மட்டும். காசும் சேர்ந்து போவது டிக்கெட் வாங்கிப் போகும் ஆண்களுக்கு.

ஆகவே நிரலில் இரண்டு விதமான பயணிகளை வைத்தேன். முதல் வகைக்கு அபராதம் நேரத்தில் மட்டும், இரண்டாம் வகைக்கு நேரமும் கட்டணமும். ஓட்டிப் பார்த்தால் இரண்டு வெவ்வேறு ஊர்கள் வெளியே வந்தன. முதல் வகைக்கு மட்டும் வடிவமைத்தால் வழித்தடங்கள் குறைவு, ஒவ்வொன்றிலும் பஸ் அதிகம், சந்திப்புகளில் மாறிக்கொள்ளலாம் என்று விடை வந்தது. இரண்டாம் வகைக்கு வடிவமைத்தால் பழையபடி நீளமான நேர் பஸ்கள், அரைமணிக்கு ஒன்று. இன்று ஓடுகிற வலை ஏன் இப்படி இருக்கிறது என்பது எனக்கு இங்கேதான் விளங்கியது. பல தலைமுறைப் பயணிகள் இரண்டாம் டிக்கெட்டைத் தவிர்க்க நினைத்ததன் விளைவு அது. அவர்கள் நியாயமாகத்தான் நினைத்தார்கள்.

அரைமணிக்கு ஒன்றாக மூன்று நேர் பஸ்கள் ஓடும் சாலையில், தன் பஸ்ஸுக்காக நிற்பவர் சராசரியாக 15 நிமிடம் நிற்கிறார். அதே பஸ்களை ஒரே தடத்தில் 10 நிமிடத்துக்கு ஒன்றாக விட்டு, மாறும் இடத்திலும் 10 நிமிடத்துக்கு ஒன்று கிடைத்தால் 5 நிமிடமும் 5 நிமிடமும் சேர்த்து 10 நிமிடம்தான். நடந்து மாறுவதற்குச் சில நிமிடம் போனாலும் நஷ்டமில்லை. இந்த லாபத்தைக் கெடுப்பது அந்த இரண்டாவது டிக்கெட் ஒன்றுதான். நடத்துநர்கள் கையில் டிக்கெட் இயந்திரம் ஏற்கெனவே இருக்கிறது. ஒரு மணி நேரத்துக்குச் செல்லும் டிக்கெட் ஒன்றைக் கொண்டுவந்தால், என் வழித்தட வேலையில் பாதி தேவைப்படாமலே போகும் என்பது என் எண்ணம்.

அடுத்தது, எந்தத் தடத்துக்கு எத்தனை பஸ் என்று பிரிப்பது. கூட்டத்துக்கு நேர்விகிதமாகக் கொடுப்பதுதான் நியாயம் என்று தோன்றும். 1972இல் ஹெர்பர்ட் மோரிங் என்ற பொருளியலாளர் காட்டிய விதி வேறு: கூட்டத்தின் வர்க்கமூலத்துக்கு ஏற்பக் கொடுக்க வேண்டும். நான்கு மடங்கு கூட்டம் உள்ள தடத்துக்கு இரண்டு மடங்கு பஸ். காத்திருக்கும் நேரத்தையும் செலவாகப் பார்த்தால் கணக்கு அப்படித்தான் வருகிறது. மதுரையில் இதை வைத்துப் பிரித்தால் திருப்பரங்குன்றம் சாலையிலிருந்து கொஞ்சம் பஸ் கிழக்கே நகர்கிறது. ஆனால் காலை எட்டரை மணிக்குப் படிக்கட்டில் தொங்குகிற கல்லூரிப் பையன்களுக்கு வர்க்கமூலம் புரியாது. பஸ்ஸின் கொள்ளளவைத் தாண்டக் கூடாது என்ற நிபந்தனையையும் சேர்த்த பிறகுதான் அந்த விடையை ஏற்றுக்கொண்டேன்.

கடைசியில் நின்ற தடங்கள்

எந்த அட்டவணை கொடுத்தாலும் தாக்குப்பிடித்தவை மூன்று. ஒன்று முதுகெலும்பு: திருப்பரங்குன்றம், பசுமலை, பழங்காநத்தம், பெரியார் (உள்ளே நுழையாமல்), சிம்மக்கல், கோரிப்பாளையம், அண்ணா நிலையம், மாட்டுத்தாவணி. இதில் கண்டுபிடிப்பு ஒன்றும் இல்லை. திருமங்கலத்திலிருந்து ஒத்தக்கடைக்கு மெட்ரோ திட்டம் போட்டவர்களும் ஏறத்தாழ இதே தடத்தைத்தான் பிடித்தார்கள்.

இரண்டாவது கிழக்குத் தடம்: அவனியாபுரம், வில்லாபுரம், தெற்குவாசல், கீழவாசல், முனிச்சாலை, குருவிக்காரன் சாலைப் பாலம், அண்ணா நகர், கே.கே. நகர், மாட்டுத்தாவணி. மூன்றாவது மேற்குத் தடம்: பழங்காநத்தம், பைபாஸ் சாலை, காளவாசல், ஆரப்பாளையம், தத்தனேரி, செல்லூர், நரிமேடு, பீபிகுளம், கே.புதூர். இந்த இரண்டும் பெரியார் நிலையத்தைத் தொடுவதில்லை. முதுகெலும்பைக் கிழக்குத் தடம் மாட்டுத்தாவணியிலும், மேற்குத் தடம் பழங்காநத்தத்திலும் சந்திக்கின்றன.

இவை போக, இப்போதிருக்கும் பல வழித்தடங்களை நிரல் தொடவே வேண்டாம் என்றது. குறிப்பாக, சுற்றுக் கிராமங்களிலிருந்து காய்கறி மூட்டையோடு வருகிறவர்களின் பஸ்களை. மூட்டையோடு ஒருவரை நடுவழியில் இறக்கி மாற்றச் சொல்வது எந்தக் கணக்கிலும் ஒப்பாது. ஆகவே அவை பெரியாருக்கே போகட்டும்.

சித்திரைத் திருவிழாவுக்குத் தனிப் பதிப்பு தேவைப்பட்டது. அழகர் ஆற்றில் இறங்கும் நாட்களில் ஆல்பர்ட் விக்டர் பாலத்தையும் தல்லாகுளத்தையும் பஸ்ஸுக்குக் கணக்கில் எடுக்கவே கூடாது. அந்தப் பாலத்தை வரைபடத்திலிருந்து நீக்கிவிட்டு நிரலை ஓட்டினால், இன்றைய வலை இரண்டு துண்டாகப் பிளந்துபோகிறது. புது வலையில் கிழக்குத் தடமும் மேற்குத் தடமும் வெவ்வேறு பாலங்களில் போவதால் வடகரைக்கும் தென்கரைக்கும் தொடர்பு அறுவதில்லை. வைகையில் தண்ணீர் திறந்து யானைக்கல் தரைப்பாலத்தை மூடும் நாட்களில் கூட்டம் முழுவதும் ஆல்பர்ட் விக்டர் பாலத்தில் ஏறிக்கொள்ளும். அந்த நாட்களுக்கும் இது பொருந்துகிறது. திருவிழாவுக்காகப் போட்ட கணக்குதான் இந்த இரண்டு தடங்களுக்கும் மிக வலுவான வாதமாக அமைந்தது.

நேரக் காப்பாளர் கேட்டவை

அட்டவணையை அச்செடுத்து, போக்குவரத்துக் கழகத்தில் நேரக் காப்பாளராக இருந்து ஓய்வு பெற்ற ஒருவரிடம் கொண்டுபோனேன். எங்கள் தெருக்காரர். பஸ் நிலையத்துச் சிறிய அறையில் உட்கார்ந்து, நடத்துநர்கள் ஜன்னல் வழியே நீட்டும் தாளில் மணி எழுதிக் கையெழுத்துப் போட்டே பணிக்காலத்தைக் கழித்தவர். வரைபடத்தை அவர் பார்க்கவே இல்லை. நேராக அட்டவணையின் முதல் வரிக்கும் கடைசி வரிக்கும் போனார்.

"தம்பி, முதல் சிங்கிள் எங்கிருந்து எடுக்கிறீர்கள்?" என்றார். சிங்கிள் என்றால் ஒரு பக்க நடை. நான் அவனியாபுரம் என்றேன். வண்டி ராத்திரி எங்கே நின்றது என்று அடுத்த கேள்வி. பணிமனையிலிருந்து முனைக்குக் காலியாக ஓடும் தூரத்துக்கு டீசல் உண்டு, வசூல் இல்லை. தடம் எவ்வளவு நல்லதாக இருந்தாலும், காலையும் இரவும் காலியாக ஓடுகிற தூரம் கூடினால் கிளை மேலாளர் அதை நிறுத்திவிடுவார் என்றார். பிறகு, பகல் சாப்பாட்டுக்கு ஓட்டுநரும் நடத்துநரும் எங்கே இறங்குவார்கள், முனையில் கழிப்பறை இருக்கிறதா, பஸ்ஸைத் திருப்ப இடம் இருக்கிறதா, ஒரு வண்டி பழுதானால் அந்த நடையை யார் எடுப்பார்கள் என்று பென்சிலால் வரிசையாக எழுதிக்கொண்டே போனார். "இதில் பெரியாருக்குப் போகாத வண்டிக்கு என்ன கேடு, ஐயா?" என்று கேட்டேன். கேடு ஒன்றும் இல்லை, ஆனால் பெரியாரில் இருக்கிற கேன்டீன், டைம் ஆபீஸ், மெக்கானிக் எல்லாம் அந்த வண்டிக்கு வேறெங்காவது கிடைக்க வேண்டும் என்றார்.

அவர் எழுதியவற்றை வைத்து மறுபடி கணக்குப் போட்டேன். மேற்குத் தடம் தப்பித்தது. ஒரு முனையில் கே.புதூர்ப் பணிமனை, மறு முனைக்குப் பக்கத்தில் பொன்மேனிப் பணிமனை. முதல் பஸ்ஸை இரண்டு பக்கத்திலிருந்தும் ஒரே நேரத்தில் எடுக்கலாம், காலி ஓட்டம் மிகக் குறைவு, பழுதானால் மாற்று வண்டியும் பக்கத்திலேயே கிடைக்கும். சோதனை ஓட்டம் என்று ஒன்று நடந்தால் முதலில் இதைத்தான் விட வேண்டும் என்றார் அவரும்.

கிழக்குத் தடத்துக்கு அப்படி அமையவில்லை. மாட்டுத்தாவணியில் இரவு சில டவுன் பஸ்களை நிறுத்த இடம் கிடைத்தால் வடமுனைக் காலி ஓட்டம் மிச்சமாகும், அவனியாபுரம் முனைக்கு இன்னும் வழி தெரியவில்லை. அந்தத் தடத்தை வில்லாபுரத்தோடு நிறுத்திக்கொண்டால் என்ன ஆகும் என்று இப்போது ஓட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.